ஆறு ஸ்பீக்கரும் பேச வேண்டுமானால்: லினக்ஸ் மீடியா கணினியில் 5.1 ஒலி

மாமா வீட்டு ஹாலில் ஆறு ஸ்பீக்கர் பெட்டிகள் இருக்கின்றன. உள்ளூரில் அசெம்பிள் செய்து வாங்கிய 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஊஃபரும்) ஆம்ப்ளிஃபையர், அதன் பின்பக்கம் சிவப்பு, வெள்ளை முனைக் கேபிள் செருகும் ஆறு ஆர்சிஏ துளைகள். டிவிக்குக் கீழே பழைய மேசைக் கணினி ஒன்று. அதில் டெபியன் லினக்ஸும் கோடி என்னும் மீடியா ப்ளேயரும். கணினியிலிருந்து மூன்று கேபிள் இழுத்து ஆம்ப்ளிஃபையரில் செருகி ஒரு படத்தைப் போட்டோம். முன்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பேசின, மற்ற நான்கும் ஊமை. ஒரு மணி நேரம் அதை இதை மாற்றிப் பார்த்த பிறகு ஆறிலும் ஒலி வந்தது. அப்போது மாமா திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏன்டா, படத்துல பேசுறவங்க எல்லாம் சோபாவுக்குப் பின்னாடி நின்னு பேசுறாங்க?"

இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். லினக்ஸில் சரவுண்ட் ஒலியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, ஆறு சேனல் (ஸ்பீக்கருக்கு ஒன்றாகத் தனித்தனி ஒலி) வரும் வழியில் எங்கோ இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. இன்னொன்று, ஆறும் வருகிறது, ஆனால் இடம் மாறி வருகிறது. இந்த இரண்டும் ஏன் நடக்கின்றன என்று தெரிந்துவிட்டால், எந்தக் கார்டாக இருந்தாலும் எந்த லினக்ஸாக இருந்தாலும் வழி கண்டுபிடித்துவிடலாம். அது தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை வரிசையாக ஒட்டிப் பார்த்தால், தானாகச் சரியாவதும் தானாகக் கெடுவதுமாகவே நாள் போகும்.

ஒலி, கோப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர ஆறேழு கை மாறுகிறது. படக் கோப்பில் இருக்கும் ஒலித்தடம், அதைப் பிரித்தெடுக்கும் ப்ளேயர், பல நிரல்களின் ஒலியைக் கலக்கும் ஒலி சர்வர், கெர்னல் என்னும் லினக்ஸின் மையப்பகுதிக்குள் இருந்து கார்டை இயக்கும் டிரைவர், சவுண்ட் கார்டின் சிப், கேபிள், கடைசியாக ஆம்ப்ளிஃபையர். ஒவ்வொருவரும் ஆறு சேனலுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரே ஒருவர் 'எனக்கு இரண்டுதான் தெரியும்' என்று சொன்னால் போதும், அவருக்கு மேலே இருப்பவர் ஆறையும் இரண்டாகக் கலந்து கீழே அனுப்பிவிடுவார். சென்டர் சேனலை 3 டெசிபல் குறைத்து இடம், வலம் இரண்டிலும் சேர்ப்பது வழக்கம். ஊஃபர் என்னும் தாழ்ந்த ஒலிப் பெட்டிக்கான சேனலைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. படம் ஓடும், ஒலியும் கேட்கும். எங்கே சுருங்கியது என்று சொல்ல ஆள் இருக்காது. சரவுண்ட் ஒலியைச் சரிசெய்வது கடினம் என்று பேர் வாங்கியதற்கு இந்த மௌனம்தான் காரணம் என்று நினைக்கிறேன். உலகத்தில் பெரும்பாலான கணினிகளில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர் அல்லது ஒரு ஹெட்ஃபோன். ஆகவே எல்லா அடுக்குமே தொடக்கத்தில் இரண்டில்தான் நிற்கின்றன.

இத்தனை அடுக்கு எப்படி வந்தது? தொடக்க கால லினக்ஸில் ஓஎஸ்எஸ் என்ற ஒரே டிரைவர் தொகுப்புதான் இருந்தது. ஒரு நிரல் கார்டைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் இன்னொன்று காத்திருக்க வேண்டியதுதான். 1998-இல் செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டுக்கு நல்ல டிரைவர் வேண்டும் என்று தொடங்கிய வேலைதான் ஆல்சா. 2002-இல் அது கெர்னலின் 2.5 கிளைக்குள் வந்தது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலோடு எல்லோருக்கும் பொதுவானது. ஒரு கார்டில் எத்தனை சேனல், எந்தத் துளையில் எது என்பதையெல்லாம் இன்றைக்கும் ஆல்சாதான் பார்த்துக்கொள்கிறது. அதன் மேல் பல நிரல்களின் ஒலியைக் கலக்க 2004-இல் லெனார்ட் பொட்டரிங் தொடங்கியது பல்ஸ்ஆடியோ. 2007-இல் ஃபெடோரா 8 என்ற லினக்ஸ் வெளியீடு அதை இயல்பான சர்வராக ஏற்றுக்கொண்டது. இப்போது அந்த இடத்துக்கு வந்திருப்பது ரெட் ஹேட்டில் பணியாற்றும் விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர். 2021-இல் ஃபெடோரா 34 அதற்கு மாறியது, 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. பெயர்கள் மாறினாலும் அமைப்பு ஒன்றுதான்: கீழே ஆல்சா, மேலே ஒரு சர்வர், அதற்கும் மேலே ப்ளேயர். கீழிருந்து மேலாகச் சோதித்துக்கொண்டு போக வேண்டும். ப்ளேயரில் தொடங்கிக் கீழே இறங்கினால் எந்த அடுக்கில் தப்பு என்று பிரித்தறியவே முடியாது.

சரி, அதற்கும் முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒலியை எந்தக் கம்பி வழியாக வெளியே எடுக்கப் போகிறோம்?

கம்பி மூன்று வகை. ஒன்று, சவுண்ட் கார்டின் 3.5 எம்எம் துளைகள். ஒரு துளையில் இரண்டு சேனல்தான் போகும், 5.1-க்கு மூன்று துளை வேண்டும். இந்தச் சின்னக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பணம் மிச்சமாகும். '7.1' என்று பெரிதாக எழுதி விற்கும் மிக மலிவான யூஎஸ்பி கார்டுகளில் ஒரு ஹெட்ஃபோன் துளையும் ஒரு மைக் துளையும் மட்டுமே இருக்கும். அவை ஸ்டீரியோ கார்டுகள்தான். பெட்டியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டுத் துளைகளை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, எஸ்பிடிஃப் எனப்படும் ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் கம்பி. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறை இது. சிடி காலத்தில் பிறந்ததால் இரண்டு சேனலுக்கான இடம்தான் அதில் உண்டு. 48,000 மாதிரி, 16 பிட், 2 சேனல் என்று பெருக்கினால் நொடிக்கு 15 லட்சத்து 36 ஆயிரம் பிட். ஆறு சேனலைப் பிரித்தெடுத்த நிலையில் அனுப்ப வேண்டுமானால் 46 லட்சத்துக்கு மேல் வேண்டும். அது அந்தக் கம்பியில் போகாது. ஆனால் டிவிடியில் இருக்கும் டால்பி டிஜிட்டல் தடம் சுருக்கப்பட்டது. அதிகபட்சமே நொடிக்கு 4 லட்சத்து 48 ஆயிரம் பிட்தான். ஆக, சுருக்கிய தடத்தைப் பிரிக்காமல், ஒரு கடிதத்தை உறையில் வைப்பதுபோல ஸ்டீரியோ ஒலியின் இடத்தில் வைத்து அனுப்பிவிடலாம். மறுமுனையில் ஆம்ப்ளிஃபையர் உறையைப் பிரித்து ஆறு சேனலாக ஆக்கிக்கொள்ளும். இதற்குப் பெயர் பாஸ்த்ரூ.

பாஸ்த்ரூ விஷயத்தில் பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. கணினியில் வால்யூமைக் குறைத்தால் ஒலி குறையாது. ஒன்று சுத்தமாக நின்றுவிடும், அல்லது 'ஷ்ஷ்' என்று காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும். காரணம் எளிது. வால்யூமைக் குறைப்பது என்றால் ஒவ்வொரு எண்ணையும் ஒரு பின்னத்தால் பெருக்குவது. உறைக்குள் இருப்பது ஒலியின் எண்கள் இல்லை, சுருக்கிய தரவு. அதை எதனால் பெருக்கினாலும் கடிதம் கிழிந்துவிடும். பாஸ்த்ரூ ஓடும்போது ஒலி சர்வர் ஒதுங்கி நிற்க வேண்டும், வேறு நிரலின் 'டிங்' ஒலியைக்கூட அதில் கலக்க முடியாது என்பதெல்லாம் இதனால்தான். வால்யூமை ஆம்ப்ளிஃபையர் ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும்.

கோப்பில் இருப்பது டால்பி டிஜிட்டலோ டிடிஎஸ்ஸோ இல்லாமல் ஏஏசி என்ற வேறொரு சுருக்க வகையில் 5.1 ஆக இருந்தால் ஆப்டிகல் வழியில் அதை அப்படியே அனுப்ப முடியாது. அதற்குக் கோடியில் டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் ஒரு தேர்வு இருக்கிறது. ஆல்சா ப்ளகின்களில் ஏ52 என்பதும் இதே வேலையைச் செய்கிறது: ஆறு சேனலை வாங்கி உடனுக்குடன் சுருக்கி அனுப்பும். டால்பி டிஜிட்டலின் காப்புரிமைகள் 2017 மார்ச்சோடு காலாவதியாகிவிட்டன. இந்த வேலைக்கு இருந்த சட்டத் தயக்கம் அதோடு போயிற்று.

மூன்றாவது, ஹெச்டிஎம்ஐ. எட்டு சேனலைப் பிரித்தெடுத்த நிலையிலேயே அனுப்ப இடம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் ஹெச்டிஎம்ஐ துளை இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதுதான் வழி. ஆனால் கணினியை நேராக டிவியில் செருகி, டிவியிலிருந்து ஆப்டிகலில் ஆம்ப்ளிஃபையருக்கு எடுத்தால் சிக்கல். செருகியவுடன் டிவி தன்னைப் பற்றிய ஒரு குறிப்பைக் கணினிக்கு அனுப்புகிறது: இந்தப் பெயர், இத்தனை ஸ்பீக்கர், இன்னின்ன ஒலி வகை. தன்னிடம் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரைப் பார்த்து டிவி 'இரண்டு' என்று எழுதி அனுப்பினால் லினக்ஸ் அதை அப்படியே நம்பும். அதனால் கணினியை முதலில் ஆம்ப்ளிஃபையரில் செருகி, ஆம்ப்ளிஃபையரிலிருந்து டிவிக்குப் படத்தை எடுக்க வேண்டும். டிவியின் ஏஆர்சி (ஒலியைத் திருப்பி அனுப்பும் ஹெச்டிஎம்ஐ) துளை வழியாகத் திரும்ப எடுத்தாலும் சுருக்கிய 5.1 மட்டுமே வரும். பிரித்த ஆறு சேனல் வர வேண்டுமானால் அதன் மேம்பட்ட வகையான இஏஆர்சி வேண்டும்.

அந்தக் குறிப்பைக் கண்ணால் பார்க்கலாம். ப்ராக் கோப்புறைக்குள் ஏசவுண்ட் (/proc/asound) என்ற கிளை இருக்கிறது. அதில் கார்டின் எண்ணுக்குக் கீழே இஎல்டி என்று தொடங்கும் பெயருள்ள கோப்புகள். திறந்தால் ஆம்ப்ளிஃபையரின் பெயர், ஸ்பீக்கர் பட்டியல், எல்பிசிஎம் (பிரித்தெடுத்த ஒலி) எத்தனை சேனல் என்பது வரை எழுத்தில் இருக்கும். அதில் 2 என்று இருந்தால் கணினியில் எதை மாற்றியும் பயனில்லை, கம்பியையும் டிவியையும் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரைப் போடாமல் கணினியை மட்டும் முதலில் போட்டால் இந்தக் குறிப்பே வராமல் போவதும் உண்டு. மீடியா கணினி வைத்திருக்கிறவர்கள் ஆம்ப்ளிஃபையரை முதலில் போடும் பழக்கம் இதனால் வந்ததுதான்.

மாமாவின் ஆம்ப்ளிஃபையரில் ஹெச்டிஎம்ஐயும் இல்லை, ஆப்டிகலும் இல்லை. ஆறு ஆர்சிஏ மட்டும். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர்கள் எத்தனையோ வீடுகளில் ஓடுகின்றன. அவற்றுக்கு 3.5 எம்எம் வழிதான் சரி. அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: பிரித்தெடுக்கும் வேலை முழுவதும் கணினியிலேயே நடப்பதால் கோப்பில் என்ன வகைத் தடம் இருந்தாலும் கவலை இல்லை. ப்ளேயருக்குப் புரிந்தால் போதும்.

கீழிருந்து தொடங்குவோம். கட்டளை தட்டும் டெர்மினலில் ஏபிளே என்ற கட்டளையோடு சிறிய எல் சேர்த்து (aplay -l) ஓட்டினால் கணினியில் இருக்கும் கார்டுகள் வரிசையாக வரும். தாய்ப்பலகையின் சவுண்டும் கிராஃபிக்ஸ் கார்டின் ஹெச்டிஎம்ஐ சவுண்டும் தனித்தனிக் கார்டுகளாகத் தெரிவது சகஜம். எது 0, எது 1 என்பது மாறலாம். ஹெச்டிஎம்ஐக்கு ஒரே கார்டில் 3, 7, 8, 9 என்று பல எண்கள் காட்டும். ஒவ்வொன்றும் ஒரு துளை. 'சவுண்டே வரவில்லை' என்ற பல புகார்கள் தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால் வருபவை.

அடுத்து ஆல்சாமிக்சர். டெர்மினலுக்குள்ளேயே நிமிர்ந்து நிற்கும் கம்பங்களாகத் திறக்கும். எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், பிசிஎம் என்பவை மொத்த அளவு. ஃப்ரண்ட், சரவுண்ட், சென்டர், எல்எஃப்இ என்று தனித்தனிக் கம்பங்கள் இருக்கும். சரவுண்ட் என்பது பின் ஸ்பீக்கர், எல்எஃப்இ என்பது ஊஃபர். கம்பத்தின் அடியில் எம்எம் என்று இருந்தால் அந்தச் சேனல் மூடியிருக்கிறது என்று பொருள். எம் பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும். மாமாவின் கணினியில் சென்டர், எல்எஃப்இ இரண்டுமே மூடிக்கிடந்தன.

ஆனால் நான்கு ஸ்பீக்கர் ஊமையாக இருந்ததற்கு முக்கியக் காரணம் வேறு. அந்தப் பலகையில் மூன்றே துளை: பச்சை, நீலம், இளஞ்சிவப்பு. ஆறு துளை உள்ள பலகையில் பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு சென்டரும் ஊஃபரும், சாம்பல் 7.1-இன் பக்கவாட்டு. மூன்று துளைப் பலகையில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. லைன்-இன் ஆன நீலத் துளையும் மைக் ஆன இளஞ்சிவப்புத் துளையும் வேஷம் மாற்றிக்கொண்டு வெளியே ஒலி அனுப்பத் தொடங்க வேண்டும். அதை நாம்தான் சொல்ல வேண்டும். ஆல்சாமிக்சரில் வலது கோடிக்குப் போனால் சேனல் மோட் என்று ஒன்று இருக்கும். அதில் 2 என்று இருந்ததை 6 ஆக்கியதும் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. துளைகள் திசை மாறிவிட்டன.

அங்கேயே ஆட்டோ-மியூட் என்று இன்னொன்றும் இருக்கும். முன்பக்கத்தில் ஹெட்ஃபோன் செருகினால் பின்பக்கத் துளைகளை நிறுத்திவிடும் வசதி அது. பழைய பெட்டிகளில் முன்பக்கத் துளை பழுதாகி, ஹெட்ஃபோன் செருகியிருப்பதாகவே கார்டு நினைத்துக்கொண்டிருக்கும். மீடியா கணினியில் அதை நிறுத்திவிடுவது நல்லது.

சேனல் மோடே தென்படாவிட்டால்? தாய்ப்பலகையின் எந்தத் துளை எதற்கு என்ற விவரத்தை, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ்தான் எழுதிவைக்கிறது. 2004-இல் இன்டெல் வெளியிட்ட ஹெச்டி ஆடியோ முறையில் டிரைவர் அந்த விவரத்தைப் படித்துத்தான் நடந்துகொள்கிறது. பலகை செய்தவர்கள் அதைத் தவறாகவோ அரைகுறையாகவோ எழுதியிருந்தால் டிரைவருக்கும் தெரியாது. ஹெச்டிஏ-ஜாக்-ரீடாஸ்க் என்ற சின்ன நிரல் அதற்காகவே இருக்கிறது. ஆல்சா கருவிகளோடு கிடைக்கும். ஒவ்வொரு துளையையும் பட்டியலிட்டுக் காட்டி 'இது இனிமேல் பின் ஸ்பீக்கர்' என்று மாற்றச் சொல்லும்.

அதிலும் முடியாவிட்டால் தனிக் கார்டு ஒன்று வாங்கிவிடலாம். சி-மீடியா 8788 சிப் குடும்பத்தில் வந்த ஆசுஸ் சோனார் கார்டுகளுக்கும், பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டுகளுக்கும் கெர்னலிலேயே நல்ல டிரைவர் இருக்கிறது. எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான சோதனை. ஸ்பீக்கர்-டெஸ்ட் என்ற கட்டளை. சேனல் 6, வகை வேவ், கருவி சரவுண்ட்51 என்று மூன்றையும் சேர்த்து (speaker-test -c 6 -t wav -D surround51) ஓட்ட வேண்டும். ஒரு பெண் குரல் ஒவ்வொரு ஸ்பீக்கராக அதன் பெயரைச் சொல்லும்: முன் இடம், நடு, முன் வலம், பின் வலம், பின் இடம் என்று ஹாலைச் சுற்றி வரும். திரையிலும் அதே பெயர் எழுத்தில் வரும். 'கருவி வேலையாக இருக்கிறது' என்று மறுத்தால் ஒலி சர்வர் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்லா நிரலையும் நிறுத்திவிட்டுச் சில நொடி பொறுத்தால் அதுவே விட்டுவிடும். இந்தச் சோதனை சர்வரையும் ப்ளேயரையும் தாண்டி நேராகக் கார்டோடு பேசுகிறது. அதுதான் இதன் அருமை. இங்கே சரியாக வந்துவிட்டால் கார்டு, கேபிள், ஆம்ப்ளிஃபையர் மூன்றும் சரி.

மாமா கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. 'நடு' என்று திரையில் வந்தபோது குரல் பின் இடது ஸ்பீக்கரிலிருந்து கேட்டது. 'பின் இடம்' என்று வந்தபோது டிவிக்குக் கீழே இருந்த சென்டர் பெட்டி பேசியது.

இந்த அறிகுறிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, சேனல்களின் வரிசை. வேவ் கோப்புகளில் ஆறு சேனல் அடுக்கப்படும் வரிசை: முன் இடம், முன் வலம், நடு, ஊஃபர், பின் இடம், பின் வலம். ஆல்சா அடுக்கும் வரிசை: முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம், நடு, ஊஃபர். ஏதாவது ஒரு நிரல் முதல் வரிசையை மாற்றாமல் அப்படியே ஆல்சாவுக்குக் கொடுத்தால் மூன்றாவதாக இருக்கும் வசனம் பின் இடதுக்குப் போகும், ஊஃபருக்கான அதிர்வு பின் வலதுக்குப் போகும். ஹெச்டிஎம்ஐ வரிசையோ இன்னும் ஒரு மாதிரி: அதில் ஊஃபர் மூன்றாவது, நடு நான்காவது. ஒரே ஆறு சேனலுக்கு உலகத்தில் ஏன் இத்தனை வரிசை என்றால், கார்டுகள் வளர்ந்த விதம் அப்படி. இரண்டு சேனல் கார்டில் பின் ஸ்பீக்கருக்காக இரண்டைச் சேர்த்தார்கள், நான்கானது. பிறகு நடுவையும் ஊஃபரையும் சேர்த்தார்கள், ஆறானது. துளைகள் சேர்ந்த வரிசையிலேயே ஆல்சாவின் வரிசையும் இருக்கிறது. சினிமா ஒலிக்காரர்களுக்கோ வசனம் வரும் நடு முக்கியம். அவர்கள் வரிசையில் அது முன்னால் வந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம், கேபிள். நடுவும் ஊஃபரும் ஒரு கேபிளில், பின் இரண்டும் ஒரு கேபிளில் வருகின்றன. அந்த இரண்டு கேபிளை மாற்றிச் செருகினாலும் அச்சு அசலாக இதே அறிகுறிதான். வசனம் பின் இடதில், அதிர்வு பின் வலதில்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஸ்பீக்கர்-டெஸ்டில் சரியாக வந்து படத்தில் மட்டும் இடம் மாறினால் ப்ளேயரோ சர்வரோ வரிசையைக் குழப்புகிறது. ஸ்பீக்கர்-டெஸ்டிலேயே இடம் மாறினால் கேபிள்தான். எங்களுக்கு ஸ்பீக்கர்-டெஸ்டிலேயே மாறியது. நீலம்தான் பின்பக்கம், இளஞ்சிவப்புதான் நடுவும் ஊஃபரும். நான் நிறம் தெரியாமல் இருட்டு மூலையில் கைவைத்துச் செருகியதில் இரண்டும் மாறியிருந்தன. மாற்றிச் செருகினோம். வசனம் பின்னாலிருந்து முன்னால் வந்தது. ஆனால் இப்போது நடுவுக்கான குரல் ஊஃபரிலிருந்து, தொண்டை அடைத்ததுபோல வந்தது. ஒரே பின்னில் நுனி நடுவுக்கும் அடுத்த வளையம் ஊஃபருக்கும் போகிறது. கேபிளை மாற்றும் அவசரத்தில் சிவப்பு ஆர்சிஏ எது, வெள்ளை ஆர்சிஏ எது என்று ஆம்ப்ளிஃபையரில் மாற்றிப் போட்டிருந்தோம். கேபிள் முனையை மாற்றினால் சரி. ஸ்பீக்கர் செட்டுக்கு ஸ்பீக்கர் செட் இது மாறும், அதனால் காதால் கேட்டு உறுதிசெய்துகொள்வதுதான் வழி. மென்பொருளில் இதைத் திருப்ப முடியும் என்றாலும், கேபிளில் முடிவதைக் கேபிளிலேயே முடிப்பது என் வழக்கம்.

இதுவரை செய்த கம்ப அளவுகளை ஆல்சாக்டில் ஸ்டோர் என்ற கட்டளையால் சேமித்துக்கொள்ளலாம்.

அடிப்பகுதி சரியானதும் சர்வருக்கு ஏறலாம். பல்ஸ்ஆடியோவாக இருந்தாலும் பைப்வயராக இருந்தாலும் பாவுகன்ட்ரோல் என்ற நிரல் வேலை செய்யும். அதில் கடைசித் தாவல் கான்ஃபிகரேஷன். கார்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல்: அனலாக் ஸ்டீரியோ, அனலாக் சரவுண்ட் 4.0, 5.1, 7.1 என்று. தொடக்கத்தில் ஸ்டீரியோவில் நிற்கும். அதை 5.1 ஆக்குங்கள். 'பெரியதாக இருக்கட்டுமே' என்று 7.1 தேர்ந்தெடுக்க வேண்டாம். பல டால்பி டிஜிட்டல் தடங்களின் சரவுண்ட் சேனல்களை ப்ளேயர் 'பக்கவாட்டு' என்ற பெயரில் கொடுக்கிறது. 7.1 தேர்வில் பக்கவாட்டுக்குத் தனித் துளை இருப்பதால் ஒலி எதுவும் செருகாத சாம்பல் துளைக்குப் போய்விடும், பின் ஸ்பீக்கர் அமைதியாக இருக்கும். 5.1 தேர்வில் அதே சேனல் பின் ஸ்பீக்கருக்கு வந்து சேரும்.

கடைசியாக ப்ளேயர். கோடியில் ஒலி வெளியீட்டுக் கருவியும் சேனல் எண்ணிக்கையும் தனித்தனியாக இருக்கின்றன. எண்ணிக்கை அங்கேயும் 2.0-வில் நிற்கும், 5.1 ஆக்க வேண்டும். நம்மைப்போல அனலாக் வழியில் எடுப்பவர்கள் பாஸ்த்ரூவை நிறுத்திவைக்க வேண்டும். படக் கோப்பில் இருக்கும் தடமே ஸ்டீரியோவாக இருந்தால் எத்தனை கார்டு மாற்றினாலும் ஆறு வராது. ப்ளேயர் காட்டும் தட விவரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

ஆறும் சரியான இடத்தில் வந்த பிறகும் மாமாவுக்கு ஊஃபரில் திருப்தி இல்லை. 5.1-இல் அந்த '.1' என்பதைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. படத்தின் எல்லாத் தாழ்ந்த ஒலியும் அதில் வருவதில்லை. வெடி, இடி, நிலநடுக்கம் போன்றவற்றுக்காகத் தனியாக வைத்த சேனல் அது; 120 ஹெர்ட்ஸ் வரைதான் அதற்கு எல்லை, மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்க வேண்டும் என்பது கணக்கு. இசையின் பேஸ் பெரும்பாலும் முன் இரண்டு சேனலில்தான் இருக்கிறது. கடையில் விற்கும் பெரிய ரிசீவர்கள் சின்ன ஸ்பீக்கரால் தாங்க முடியாத தாழ்ந்த ஒலியைப் பிரித்து ஊஃபருக்குத் திருப்பிவிடும். ஆறு ஆர்சிஏ உள்ள ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் அதைச் செய்யாது, வந்ததை வந்தபடி பெருக்கிக் கொடுக்கும். பைப்வயரின் ஃபில்டர்-செயின் வசதியால் அந்தப் பிரிக்கும் வேலையைக் கணினியிலேயே செய்யலாம். முன் ஸ்பீக்கர் கையளவுப் பெட்டியாக இருந்தால் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. மாமாவின் முன் ஸ்பீக்கர்கள் முழங்கால் உயரப் பெட்டிகள் என்பதால் ஆல்சாமிக்சரில் எல்எஃப்இ கம்பத்தை ஏற்றி மற்றவற்றைக் கொஞ்சம் இறக்கியதோடு விட்டுவிட்டோம்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதில் எந்தச் செட்டிங்கும் உதவாது. உட்காரும் இடத்திலிருந்து நேர் நடுவை 0 என்று வைத்தால் முன் இரண்டும் 30 பாகையில், பின் இரண்டும் 110 பாகை அளவில் இருக்க வேண்டும் என்பது ஐடியு என்னும் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. 110 பாகை என்றால் முதுகுக்குப் பின்னால் இல்லை. காதுக்குப் பக்கத்தில், சற்றே பின்தள்ளி. நம் வீடுகளில் பின் ஸ்பீக்கரைப் பின்சுவரின் இரண்டு மூலையில் ஏற்றிவிடுகிறோம். சோபா சுவரை ஒட்டி இருந்தால் பக்கச் சுவரில் மாட்டிப் பாருங்கள், மழை பெய்யும் காட்சியிலேயே வித்தியாசம் தெரியும்.

பாட்டுக்கு வருவோம். மாமாவுக்குப் படத்தைவிடப் பழைய பாட்டுகள்தான் அதிகம் ஓட வேண்டும். அவை ஸ்டீரியோ அல்லது மோனோ. பைப்வயர் இரண்டு சேனலை ஆறாக விரிக்கக்கூடியது. பின் ஸ்பீக்கருக்கு எந்த முறையில் ஒலி உண்டாக்குவது, ஊஃபருக்கு எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிக் கொடுப்பது என்பதையெல்லாம் சேனல்மிக்ஸ் என்று தொடங்கும் வரிகளில் எழுதலாம். பல்ஸ்ஆடியோவிலும் ஊஃபருக்கான இதேபோன்ற இரண்டு வரி இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு ஒலிப்பதிவாளர் வயலினை இடதிலும் புல்லாங்குழலை வலதிலும் யோசித்து வைத்திருக்கிறார். அதைப் பின்சுவரில் ஒரு நகல் எடுத்துப் பரப்பினால் பாடகர் ஹால் முழுக்கக் கரைந்துபோகிறார். என் காதுக்கு அது பிடிக்கவில்லை. அதனால் பின் ஸ்பீக்கருக்கான முறையை 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று வைத்து, ஊஃபருக்கு மட்டும் 120 ஹெர்ட்ஸ் வெட்டு கொடுத்தேன். ஒரு பாட்டை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டியபோது மாமாவும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்படியே இருக்கட்டும்" என்று சொன்னார்.

கிளம்பும் முன் ஒவ்வொரு கேபிள் முனையிலும் பேப்பர் டேப் சுற்றி, முன், பின், நடு–ஊஃபர் என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதி ஒட்டினோம். ஆர்சிஏ முனை ஆறிலும் தனித்தனியாக. தீபாவளிக்கு ஹாலைச் சுத்தம் செய்யும்போது அத்தனையையும் கழற்றித்தான் ஆக வேண்டும்.